மூன்று நாள் இரை

நண்டுக் குட்டையை எங்களிடம் கொடுத்த அன்று ஆறு பெண்களும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வரப்பில் ஏறினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் குழுவுக்குக் குட்டை கொடுத்த திட்டத்து மேடம் சிரித்தார்.

"கோயிலாம்மா இது? முள்ளு குத்தும், போட்டுக்கோங்க."

நாங்கள் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன் எங்களுடையது என்று சொல்ல எங்களுக்கு ஒரு இடமும் இருந்ததில்லை.

நாங்கள் இருளர். பழவேற்காடு ஏரி ஓரத்தில், பொன்னேரி பஸ் வந்து திரும்பும் இடத்தையும் தாண்டி எங்கள் குடிசைகள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் குந்தி நகர்ந்து, இறாலைக் கையால் தடவிப் பிடித்துப் பறியில் போடுவோம். வளையில் கை விட்டு நண்டு எடுப்போம். வளை வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்தாலே உள்ளே நண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். பிடித்ததைக் கரையிலேயே விற்று, அன்றைக்கே ஆக்கித் தின்றுவிடுவோம். நாளைக்கு என்று எடுத்து வைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. கிடைத்த நாளில் வயிறு முட்டச் சாப்பிடுவோம், கிடைக்காத நாளில் சும்மா இருப்போம். அப்படியே வளர்ந்தோம்.

எனக்கு அதுவும் கொஞ்ச காலம்தான். ஏழு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை அப்பா அம்மாவோடு ஓர் அரிசி ஆலையில் இருந்தேன். நெல் அவித்துக் களத்தில் காயவைக்கும் வேலை. வாங்கிய கடனுக்காக வெளியே விடமாட்டார்கள். நான் சின்னவளாக இருக்கும்போதே அங்கிருந்து என் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் புருஷனோடு ஆந்திரா பக்கம் செங்கல் சூளைக்குப் போனாள். பிறகு அதிகாரிகள் வந்து எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்க அதற்குப் பிறகு கொஞ்சம் கற்றேன். வெளியே வந்த பிறகும் அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பதினோரு வருஷம்.

குட்டை பெரியதில்லை. சுற்றி வலை. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர் வந்து போக மதகு. ஓடு கழற்றிய நண்டு அழுத்தினால் அமுங்கும், உள்ளே சதை இருக்காது, யாரும் வாங்கமாட்டார்கள். அதைக் குட்டையில் விட்டு ஒரு மாதம் இரை போட்டால் ஓடு கெட்டியாகும், சதை பிடிக்கும். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தால் பழவேற்காட்டு நண்டு வியாபாரி பாய் வாங்கிக்கொள்வார். அது வெளிநாடு போகும் என்று சொல்வார்கள்.

காலையில் ஒரு கூடை பொடிமீன், சாயங்காலம் ஒரு கூடை. அதுதான் இரை. குறைந்தால் நண்டை நண்டு தின்னும். இளசாகக் கிடப்பதைத்தான் முதலில் தின்னும். இது எங்களுக்கு முன்பே தெரியும். மிச்சம் கிடந்தால் மறுவேளை அள்ளி எடுத்துவிட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அள்ளினோம். மீன் வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு முறை நண்டு எடுத்தோம். நன்றாகவே போயிற்று. மூன்றாவது முறை விட்டபோது மேடம் வந்து சொன்னார்.

"இந்த வாட்டியும் ஒழுங்கா எடுத்துட்டீங்கன்னா மூணு வருஷத்துக்கு உங்க ஆறு பேர் பேர்லயே குத்தகை காகிதம் போட்டுடுவாங்க. எடுக்கலைன்னா வேற ஊர் குழு கேட்டுக்கிட்டு நிக்குது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்சாதி, குழுவில் எல்லாருக்கும் இளையவள். வாய் நீளம். "காயிதம் வந்தா அதைக் கண்ணாடி போட்டு மாட்டிடுவேன். எங்க மாமியா படத்தை எடுத்துட்டு மாட்டிடுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

அந்த நண்டு எடுக்க நாலு நாள் இருக்கும்போது மாசி மகம் வந்தது.

மாசி மகத்துக்கு எங்கள் சனம் முழுக்க மகாபலிபுரம் கடற்கரைக்குப் போகும். போக ஒரு நாள், கடலில் ஒரு நாள், வர ஒரு நாள். எங்கள் சாமி கன்னியம்மாவைக் கும்பிட. அது மட்டுமில்லை. பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலில் நடக்கும். இன்னொன்றும் உண்டு. ஆலையிலும் சூளையிலும் சிதறிப்போன சனம் நாங்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொள்வோம். இரண்டு மூன்று மகத்துக்கு ஒருவர் வரவில்லை என்றால் செத்துவிட்டார் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

நான் போகப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, பிள்ளை இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் வேலை இருந்தது. ஒருத்தி மகளுக்கு அங்கே கல்யாணம். ஓரகத்திக்குப் பிள்ளைக்கு மொட்டை.

"கன்னியம்மா வந்து கேட்டா இன்னா சொல்றது அக்கா?" என்றாள் ஓரகத்தி. "நண்டுக்குச் சோறு ஊட்டிக்கினு கீறான்னு சொல்லட்டா?"

"சொல்லு."

கிளம்புவதற்கு முந்தின நாள் வாத்து மேய்க்கிற ஆள் ஒருவர் வந்தார். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்தை விட்டுக்கொண்டு ஆந்திர எல்லை தாண்டி வருகிறவர். வரப்பில் நின்றபடியே கேட்டார்.

"ரைஸ் மில்லுல இருந்த தங்கச்சி நீதானா?"

"ஆமா."

"உங்க அக்கா சூளூர்ப்பேட்டை கிட்ட ஒரு சூளையில கீது. மகத்துக்கு வருதாம். நீ உசுரோட கீறியான்னு பார்த்துட்டு வரச் சொல்லிச்சி."

சாயங்காலம் ஐந்து பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானாவது இருக்கிறேன் என்றும் யாரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

"பாய் கிட்ட ஆளை உட்டு இரை போடச் சொல்லலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான்தான் வேண்டாம் என்றேன். குட்டையை அடுத்தவர் கையில் மூன்று நாள் கொடுத்தால் அது நம்மிடம் திரும்பி வருமா? ஆலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். பாய் நல்லவர். ஆனாலும் தோன்றியது.

"மூணு நாள்தானே. மூணு நாளுக்கும் சேர்த்துப் போட்டுட்டுப் போலாம்" என்றேன்.

எல்லாருக்கும் சரியாகப் பட்டது. மறுநாள் காலையில் ஆறு கூடை பொடிமீன் கொண்டுவந்து குட்டை முழுக்க இறைத்தோம். நண்டுகள் ஓடி வந்து இழுத்துக்கொண்டு போயின.

"தின்னுங்க, தின்னுங்க, கல்யாண ஊடுதான்" என்றாள் ஓரகத்தி. திருடன் வலை வைத்துவிடக் கூடாது என்று மதகுப் பலகையையும் இறுக்கி அடைத்தேன். அதற்கு மேல் ஒரு சேற்று மூட்டையும் வைத்தேன். பிறகு வண்டி ஏறினோம்.

கடற்கரையில் எப்போதும் போலக் கூட்டம். புடவையைக் கட்டி நிழல் போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். விடிகிற நேரத்தில் கன்னியம்மாவுக்கு மணலில் ஏழு படி கட்டிப் பூ வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். நான் எழுந்து திரும்பும்போது பின்னாலிருந்து யாரோ ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

"இன்னாடி, நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

"நானும்தான்" என்றேன்.

அக்கா பாதியாகியிருந்தாள். உள்ளங்கை இரண்டும் செங்கல் பிடித்துப் பிடித்துத் தேய்ந்து வழவழவென்று இருந்தன. புருஷன் செத்து நாலு வருஷம் என்றாள். கல்யாண வயதில் ஒரு பெண் கூட இருந்தாள். அவளுக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அழவில்லை.

"நீ இன்னா பண்றே?" என்று அக்கா கேட்டாள்.

"நண்டு வளக்கறேன்."

"யாருது?"

"எங்களுது."

"மொதலாளி யாருடி?"

"மொதலாளி இல்ல."

"மேஸ்திரி?"

"அதுவும் இல்ல. ஆறு பேர். காயிதம் வரப்போவுது."

"இவ்ளோ பெரிய பொய்யை நீ சொல்ல மாட்டே" என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் எடம் இருக்குமா?"

"வா" என்றேன். மற்ற ஐந்து பேரையும் கேட்காமல் சொன்னேன். சூளையில் சொல்லிக்கொண்டு பதினைந்து நாளில் வருவதாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் வண்டி எங்கள் ஊரில் நின்றது. இறங்கியதும் நாற்றம். குட்டைக்கு ஓடினோம்.

தண்ணீர் வெளுத்து நுரை கட்டியிருந்தது. தின்று மிஞ்சிய மீன் எல்லாம் அழுகி அடியில் கிடந்தது. நண்டுகள் மல்லாந்து மிதந்தன. பாதிக்கு மேல் வலையில் ஏறியிருந்தன. தண்ணீரில் மூச்சு விட முடியாமல் ஏறியிருக்கின்றன. ஏறின இடத்தில் தொங்கிக்கொண்டே செத்திருந்தன. நான் மதகைத் திறந்தேன். திறந்து என்ன.

உயிரோடு இருந்தவை ஒரு கூடைகூடத் தேறவில்லை.

பாய் வந்து பார்த்தார். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு குட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் ஆளு வந்து போட்டிருப்பானேம்மா. பக்கத்துலதானே கீறான்."

அவருக்கு நான் என்ன நினைத்தேன் என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

மேடமும் வந்தார். ஃபோட்டோ எடுத்தார். "மிச்ச இரையை எடுக்கச் சொன்னது இதுக்குத்தான். அழுகினா தண்ணி செத்துடும். ஒருத்தராவது இருந்திருக்கலாமே?" என்றார். அக்காவைத் தேடிக் கடலுக்குப் போனதை அவரிடம் சொல்ல எனக்கு வரவில்லை. சாமி கும்பிடப் போனோம் என்று எழுதிக்கொண்டார். எங்களுக்காக மேலே பேசிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். பத்து நாளில் குட்டை வேறு ஊர் குழுவுக்குப் போனது.

ஐந்து பேரும் என்னைத் திட்டவில்லை. ஓரகத்தி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கூட்டித் துடைக்க ஆள் கேட்டார்கள். அவளும் நானும் இன்னொருத்தியும் சேர்ந்தோம். மற்ற மூவர் ஏரிக்குத் திரும்பினார்கள். விடிந்ததும் வேன் வரும். அவள் முன் சீட், நான் பின் சீட்.

அக்கா சொன்னபடி பதினைந்தாம் நாள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்தேன். அவளிடம் இரண்டு மூட்டை, ஒரு அலுமினியச் சட்டி, கூடப் பெண். பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பெண்ணுக்கு வழியைக் காட்டிக்கொண்டே வந்துவிட்டேன். மூட்டையைக்கூட இறக்காமல் குட்டையைக் காட்டு என்றாள். காட்டினேன். வரப்பில் வேறு பெண்கள் நின்று இரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கதானா உங்க ஆளுங்க?"

"இல்ல. போயிடுச்சிக்கா. இப்ப அவங்களுது."

"எப்படிடி போச்சி?"

எனக்குப் பின்னால் ஓரகத்தியின் குரல் கேட்டது. தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள்.

"நண்டுக்கு நோவு வந்துடுச்சி பெரியக்கா. ஏரித் தண்ணியே கெட்டுப்போச்சி. கம்பெனி தண்ணி உட்டுட்டான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அக்கா நம்பினாள். கம்பெனிக்காரனைத் தெலுங்கில் திட்டினாள்.

எட்டு நாள் இருந்தாள். கம்பெனியில் அவளை எடுக்கவில்லை. வயது பார்த்தார்கள். ஏரியில் இறங்கிப் பார்த்தாள். தேய்ந்த கையில் இறால் நிற்கவில்லை, வழுக்கிப் போயிற்று. ஒன்பதாம் நாள் சூளைக்கே போகிறேன் என்றாள். பெண்ணை மட்டும் என்னிடம் விட்டாள். அவள் இப்போது என்னோடு வேனில் வருகிறாள்.

ஸ்டேஷனில் அக்கா சொன்னாள். "உன் மேல ஒண்ணும் இல்லடி. நோவு வந்தா நீ இன்னா பண்ணுவே?"

ரயில் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

நடந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளைப் பார்க்கப் போனதால்தான் குட்டை போயிற்று என்று எப்படிச் சொல்வது? இங்கே எழுதிவிட்டேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.