எந்தக் கம்பியை நம்புவது

1991 கோடையில் எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். எனக்குக் கிப் வரவில்லை.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இரண்டு கம்பிகள் நிற்கும். தாழ்ந்த கம்பியைப் பிடித்து முன்னால் ஊஞ்சலாட வேண்டும். உடம்பு முழுக்க நீண்ட நொடியில் கால்களை மடக்காமல் கம்பியருகே கொண்டுவந்து, பாவாடையைக் காலிலிருந்து இடுப்புக்கு ஏற்றிக் கட்டுவதுபோல் கம்பியைத் தொடை வழியே இழுத்து, மேலே எழ வேண்டும். அதுதான் கிப். அது வராதவர்களுக்கு அந்தக் கம்பிகளில் மேற்கொண்டு எதுவும் வராது. எட்டாம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்குப் போய், அத்தனை பேர் பார்க்க, மூன்று முறை முயன்று மூன்று முறையும் துணிபோலத் தொங்கினேன்.

எங்கள் பி.டி. டீச்சர் திட்டவில்லை. சென்னையில் நடக்கும் கோடைப் பயிற்சி முகாமின் நோட்டீஸை என் கையில் கொடுத்தார். வழவழப்பான தாள், அதில் ஒரு பெண் உயரக் கம்பியில் தலைகீழாக நிற்கும் படம்.

"லீவுல இங்க போ. இல்லன்னா அடுத்த வருஷமும் தொங்கிக்கினுதான் இருப்பே."

அந்த நோட்டீஸை வீட்டில் நீட்டியதும் அம்மா முதலில் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த டிரஸ்ஸ போட்டுக்கினா? சொல்லிக் குடுக்கறது ஆம்பளையா, பொம்பளையா? உங்க டீச்சர் இன்னாத்துக்கு இவ்ளோ ஆர்வமா சொல்றாங்க? அவங்களுக்கு இதுல இன்னா கீது?"

அப்பா தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இன்னும் மோசம். அவர் மறைமலை நகரில் வண்டி உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். பார்க்க நன்றாக இருக்கும் இரும்பில் எது கெட்டது என்று நாள் முழுக்கத் தேடுவது அவர் வேலை. ஷிப்ட் முடிந்தாலும் அந்தப் புத்தி முடியாது. கல்யாண மண்டபத்து மடக்கு நாற்காலியைக்கூட நான்கு காலையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"நேர்ல போய்ப் பாப்போம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனோம். அப்படி ஒரு ஹாலை நான் அதுவரை பார்த்ததில்லை. தரை முழுக்க நீல மெத்தை, சுவரெல்லாம் கண்ணாடி, நடுவே பளபளவென்று இரண்டு கம்பிகள். கழுத்தில் விசில் தொங்க வந்த கோச் என் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு, "ஒரே மாசம். கிப் வந்துரும்" என்றார். எனக்கு அங்கேயே தங்கிவிடலாம் போலிருந்தது.

அப்பா கம்பிகளைப் பார்க்கவேயில்லை. கம்பிகள் ஆடாமலிருக்க நான்கு மூலைகளிலும் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் தரையில் எங்கே மாட்டியிருக்கின்றன என்று பார்த்தார். ஒரு வளையத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை விரலால் தடவினார்.

"இந்த ஒரு வெல்டுக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்களே, எதுக்கு சார்?"

"எல்லாத்துக்கும்தான் அடிச்சோம்."

"மத்த மூணுலயும் அழுக்கு கீதே. சாவியால கொஞ்சம் சுரண்டிப் பாக்கட்டுமா?"

கோச்சின் முகம் மாறியது. "இது ஒர்க்‌ஷாப் இல்ல சார். புள்ளைய சேக்கறதுன்னா சேருங்க. இல்லன்னா எடத்தக் காலி பண்ணுங்க."

பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். என் காது சுட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் நான் உட்காரவில்லை. அவர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார், அதைச் சொல்ல ஒரு வெல்டைத் தேடியிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். மறுவாரம் அவர் கம்பெனிக்குப் பக்கத்துத் தொழிலாளர் மன்றத்திலும் ஒரு முகாம் நடக்கிறது என்று சொன்னபோது அந்தச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. தன் கண் பார்வையிலேயே என்னை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்!

டீச்சரிடம் போய் அழுதேன். நடந்ததையெல்லாம் அவர் கேட்டார்.

"உங்கப்பா கம்பிய நம்பலையா, என்னைய நம்பலையா? நானும் அந்த ஒரு மாசம் அங்க சொல்லிக் குடுக்கப் போறேன். நீ தனியா இருக்க மாட்டேங்கற தைரியத்துலதான் சொன்னேன்."

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபடியே திரும்பினேன். வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாத்தியா? நான் சொன்னன்ல!" அன்று முதல் டீச்சரையும் நான் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். என் திறமைக்காகச் சொன்னாரா, தன் வகுப்புக்கு ஆள் சேர்க்கச் சொன்னாரா? பதின்மூன்று வயதில் இப்படி ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தைப் பார்ப்பது சங்கடமாக இருந்தது.

மறைமலை நகர் முகாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் நடந்தது. தேங்காய் நார் மெத்தைக்கு மேல் ரெக்ஸின் உறை. பழைய மரக் கம்பிகள். கண்ணாடி எதுவும் கிடையாது. சொல்லித்தந்தவர் ஒரு பெண். கொண்டை, பருத்திச் சேலை, கீழே கான்வாஸ் ஷூ. அப்பா வடத்தின் அருகே உட்காருவதைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து ஸ்பேனரை எடுத்து வந்து நீட்டினார்.

"நல்லா பாருங்க சார். பாக்காம விடறவங்கள நெனச்சாத்தான் எனக்கு பயம்."

அப்பா ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். பிறகு யூனிபார்மோடு எழும்பி உயரக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அவர் சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர் முணுமுணுத்தார்.

"இவ்ளோ ஈசியா ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டாங்களே. இன்னாவா இருக்கும்?"

ஆனாலும் சேர்த்துவிட்டார்.

மே முதல் வாரம் தொடங்கினோம். என்னையும் கூடவே அழைத்துப்போக அப்பா காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோயில் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். கோச்சம்மா இரண்டு வாரம் என்னைக் கிப் செய்யவே விடவில்லை. வெறும் ஊஞ்சல், வயிற்றுக்குப் பயிற்சி, மறுபடி ஊஞ்சல். இவருக்கே கிப் தெரியாதோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் உள்ளங்கைத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அன்று பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டே விட்டேன்.

"அந்த மெட்ராஸ் வெல்டுல நெஜமாவே விரிசல் இருந்துச்சா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "பெயிண்ட் இருந்துச்சு. உள்ள இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுல உன்ன தொங்க விட முடியல."

எனக்குக் கோபம் வந்தது. விரிசல் இருந்தது என்று அவர் சொல்லியிருந்தால் வந்திருக்காது.

அந்த மே மாதத்தில்தான் எங்கள் ஊருக்குத் தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். பல நாட்கள் பஸ் ஒழுங்காக ஓடவில்லை, முகாமும் நின்றது. ஊரில் ஒவ்வொருவரும் அடுத்தவர் பையை உற்றுப் பார்த்தார்கள். வாடகை வீடுகளில் போலீஸ் வந்து பெயர் கேட்டது. புதிதாக யார் தெருவில் நடந்தாலும் ஜன்னல்கள் திறந்தன. எங்கள் வீட்டில் மட்டும் இருந்த சந்தேக வியாதி ஊருக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

முகாம் மறுபடி தொடங்கிய முதல் நாள், ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெண் போலீஸ் ஒருவர் என் பையைத் திறந்தார். உள்ளே துண்டு, தண்ணீர் பாட்டில், கையில் மாட்டும் தோல் பட்டைகள், பிளாஸ்டிக் பையில் கட்டிய வெள்ளைப் பவுடர்.

"இது இன்னாது?"

"கையில பூசற பவுடர்க்கா. கம்பியில தொங்கறப்ப வழுக்காம இருக்க."

"எந்தக் கம்பி? எதுக்கு தொங்கணும்?"

நான் கைகளை உயர்த்தித் தொங்குவதுபோல் காட்டினேன். எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் பையை வாங்கிக் கையில் எடை பார்த்தார். அப்பாவின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். வீட்டு முகவரியை எழுதச் சொன்னார். அப்பா எழுதினார். நூலளவு பிசகைக் கண்டுபிடிக்கும் அவர் அன்று எங்கள் கதவு எண்ணையே தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

பெண் போலீஸ் என் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் காய்ப்பு, பாதி ஆறிய கிழிசல்கள், ரேகைகளில் அப்பியிருந்த வெள்ளை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இவ்ளோ புண்ணு வச்சிக்கினு இன்னும் ஏம்மா போற?"

"இன்னும் கிப் வரலக்கா."

அவர் இன்ஸ்பெக்டரிடம் போய் ஏதோ சொன்னார். எங்களைப் போகச் சொன்னார்கள். பவுடரைத் தர மாட்டோம் என்றார்கள்.

"நீங்க சந்தேகப்படறது சரிதான் சார்" என்றார் அப்பா. "வச்சிக்கோங்க. டெஸ்ட் பண்ணிப் பாருங்க." அதில் கிண்டல் எதுவும் இல்லை. அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றபோது மட்டும் மெதுவாகச் சொன்னார். "அந்த சென்னை கோச்சுக்கு அன்னிக்கு இப்டித்தான் இருந்திருக்கும், இல்ல?"

 பஸ் வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் கோச்சம்மா, "இன்னிக்கு பண்ணு" என்றார். கூடப் பயின்ற பெண்ணிடம் பவுடர் கடன் வாங்கிப் பூசிக்கொண்டேன். முதல் முறை விழுந்தேன். இரண்டாம் முறை கால்கள் கம்பியைத் தொட்டன, இழுத்தேன், சட்டென்று தலை மேலே இருந்தது. கம்பிக்கு மேல் கை ஊன்றி நின்றேன். நிஜமாகவே நானா என்ற சந்தேகத்தில் உடனே இறங்கி மறுபடி செய்தேன். அதுவும் வந்தது. கோச்சம்மா, "ஊஞ்சல் சரியா இருந்தா மத்தது தானா வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

ஜூனில் டீச்சர் முன்னால் செய்து காட்டினேன். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

"யாரு கத்துக் குடுத்தாங்க?"

சொன்னேன். அவர் இன்னொரு முறை செய்யச் சொல்லி, என் தோளையே கவனித்தார். பிறகு, "அவங்க சொல்லிக் குடுக்கறத நானும் வந்து பாக்க ஒத்துப்பாங்களா, கேட்டுச் சொல்றியா?" என்றார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூன்று பேராக மறைமலை நகருக்கு பஸ் ஏறினோம். டீச்சரும் நானும் முன் சீட்டில், அப்பா பின்னால்.