பனியன் துணியில் சுற்றிய டப்பா

“ஏனுங்க, நம்ம மூக்குக்குத் தெரியாததா உங்க பொண்ணு டப்பாவுக்குத் தெரியப் போவுது?” என்று சாயப்பட்டறை சூப்பர்வைசர் அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்பா சிரித்தார். “மூக்கு மூணாங்கிளாஸுங்க. டப்பா டிப்ளமா.”

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சேறு வாருவது அப்பாவின் வேலை. சேற்றைக் கிளறினால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். எங்கள் குடும்பத்தில் மூணாங்கிளாஸைத் தாண்டிய முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா கடைசி வருடத்தில் கோவையில் சென்சார் வாங்கி, டிபன் டப்பா ஒன்றில் சர்க்யூட்டைப் பொருத்தினேன். வாயு பட்டால் சிவப்பு விளக்கும் பஸ்ஸரும், இல்லாவிட்டால் பச்சை. சென்சார் எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும். அதனால் பிளக்கிலேயே போட்டு வைத்து, இறங்கும்போது மட்டும் பேட்டரிக்கு மாற்றும்படி அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தொட்டியைத் திறந்தார்கள். டப்பாவைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பச்சை எரிந்தது. அப்பா இறங்கினார். பாதி ஏணியில் கை விட்டுவிட்டது. இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுப்பில் பால் தீய்ந்தாலும் இப்போது அவருக்குத் தெரிவதில்லை. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு என் முகத்தையே பார்ப்பார்.

“பச்சை லைட்டுதானுங்க எரிஞ்சுது. நாங்க என்ன பண்றது?” என்றார் சூப்பர்வைசர், ஆஸ்பத்திரி வராந்தாவில். டப்பாவைக் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

டப்பா வெள்ளைப் பனியன் துணியில் சுற்றியபடி வீட்டுக்கு வந்தது. துணியை நான் கவனிக்கக்கூட இல்லை. எங்கள் ஊரில் எதையும் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றித்தான் வைப்போம். சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு ஐந்து வோல்ட் சரியாக வந்தது. பஸ்ஸரை நேரடியாக பேட்டரியில் வைத்தேன்; கத்தியது. எந்த அளவில் சிவப்பு எரிய வேண்டும் என்று வைக்கிற பிரீசெட்டைத் திருகினால் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அப்படியானால் சர்க்யூட்டில் பழுதில்லை. லைட்டர் வாயுவைச் சென்சார் மீதே அடித்தேன். சென்சாரில் வைத்திருந்த மீட்டர் அசையவில்லை. புதுச் சென்சார் மாட்டி அதே வாயுவை அடித்ததும் டப்பா அலறியது. பழக்கதோஷத்தில் அதே துணியைச் சுற்றி, பிளக்கில் விட்டேன். பத்தாம் நாள் அதுவும் மந்தமாகியிருந்தது.

சென்சாரோடு வந்த ஆங்கிலத் தாளை மறுபடியும் எடுத்தேன். சிலிகோன் ஆவி பட்டால் சென்சார் கெட்டுவிடும் என்று ஒரு வரி. முதல் தடவை படித்தபோது ஏதோ பசையைச் சொல்கிறார்கள், அது நம் வீட்டில் இல்லை என்று தாண்டிவிட்டேன். பனியன் துணி மெத்தென்று இருக்கக் கடைசியில் போடுகிற சாஃப்ட்னர் சிலிகோன்தான்; சென்சார் சூட்டில் அது ஆவியாகும். நாங்கள் உடுத்துவது, தரை துடைப்பது எல்லாம் அந்தத் துணி.

டப்பாவைத் துணியில் சுற்றியது யார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

“பஞ்சு உள்ள போயிருமேன்னு, இருக்கறதுலயே மெத்துனு இருந்த துணியாப் பாத்துச் சுத்துனேன் கண்ணு. தப்புங்களா?”

“இல்லீங்கப்பா” என்றேன். படித்தவள் நான்தானே.

அந்த வாரமே சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். “அம்மணி, புதுசு மாட்டிட்டீங்களாமா? குடுங்க. திங்கக்கெழம வேற ஆளு எறங்கோணும். மொதல்ல நாந்தான் நம்பல, இப்ப லைட்டப் பாத்தாத்தான் ஆளுங்க தைரியமா எறங்குவோங்கறாங்க.”

டப்பா மேஜைமேல் திறந்து கிடந்தது. சென்சாரைக் காலையிலேயே பிடுங்கியிருந்தேன். டப்பா ஏன் பொய் சொன்னது, முகமூடியோ காற்றுக்குழாயோ இல்லாமல் அங்கே எத்தனை வருடமாக ஆள் இறங்குகிறது என்று நான்கு பக்கம் எழுதி, டப்பாவைச் செய்தது நான்தான் என்று அடியில் கையெழுத்தும் போட்டு, தொழிற்சாலை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன்.