கிளிப்பை என்னிடமே நீட்டியவர்

லாக்டவுன் முடிந்த மறு வருடம், ஆடி மாதம். ஆரணியில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது இது. நான் சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பட்டுப்புடவைகளுக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பாள். அவள் வரைந்த அன்னமும் மாங்காயும் ஊரில் பல தறிகளில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பழைய லேப்டாப்பில் வரைந்தவை.

அதில் வைஃபை கார்டு போய்விட்டது. வேறு கார்டு வாங்கி மாட்டினால், அனுமதி இல்லாத கார்டு என்று சொல்லி லேப்டாப் ஆன் ஆகவே மறுத்தது. ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் ஃபர்ம்வேர் என்கிற புரோகிராமின் வேலை அது. யூஎஸ்பியில் சொருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அப்புறம் என் கெத்து என்னாவது? அந்த ஃபர்ம்வேரையே தூக்கிவிட்டு, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரைப் போடுகிறேன் என்று கிளம்பினேன்.

மதர்போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு குட்டி சிப்பில்தான் அது இருக்கும். ஒரு கிளிப்பால் அந்தக் கால்களைக் கவ்வி, நான் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த கையகல கம்ப்யூட்டர் போர்டோடு இணைத்து, முதலில் பழையதைப் படித்துச் சேமிக்க வேண்டும். புதியதைத் தயாரிக்கவும் அதிலிருந்து சில பகுதிகள் தேவை. இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். நான் ஒரு முறைதான் படித்தேன். டிசைனைத் தறிக்கு அனுப்பும் முன் கட்டம் கட்டமாக இரண்டு தடவை எண்ணுகிறவள் அக்கா. "ஒரு தபா பாத்தா போதுமாடா?" என்று கேட்டாள்.

"இது கம்ப்யூட்டர்க்கா, அதுக்கு எண்ணத் தெரியும்" என்றேன்.

கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. சேமித்ததில் பாதி குப்பை. அதை வைத்துத் தயாரித்ததும் குப்பை. ஸ்கிரீன் கறுப்பாகவே கிடந்தது, திரும்பிப் போகப் பழையதும் கையில் இல்லை. ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கான டிசைன்களைப் பத்து நாளில் கொடுத்தாக வேண்டும். என் ஆபீஸ் லேப்டாப்பில் வேறு சாஃப்ட்வேர் எதையும் ஏற்ற முடியாது, இன்னொன்று வாங்க அப்போது வழியும் இல்லை. அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல உடு" என்று சொல்லிவிட்டு, கிராஃப் பேப்பரும் பென்சிலுமாக வரைய உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு, இந்த வேலை செய்பவர்களின் இணையக் குழு ஒன்றில் நடந்ததை எழுதி, அதே மாடல் வைத்திருப்பவர் யாராவது உதவ முடியுமா என்று கேட்டேன். மூன்றாம் நாள் ஒருவர் பதில் போட்டார். தேசூர் பக்கம் விவசாயம் பார்க்கிறாராம், அதே மாடல் அவரிடம் இருக்கிறதாம். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். "ஜல்தியா முடிச்சிடலாங்க. மத்தியானம் போய் கழனிக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்றார்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தன் லேப்டாப்பின் ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றித் திறந்து வைத்தார். பிறகு கிளிப்பை என்னிடமே நீட்டினார். நீங்களே செய்யுங்கள், நான் ஏற்கெனவே ஒன்றைக் கெடுத்தவன் என்றேன்.

"அதனாலதாங்க குடுக்கறேன். பட்டவரு நீங்க, இனிமே ஒழுங்கா மாட்டுவீங்க. நான் இன்னும் ஒண்ணுகூட கெடுக்கல, தப்பா மாட்டினாலும் எனக்குத்தான் தெரியாம போயிடும்."

இரண்டு முறை படித்தேன். மனசு ஆறாமல் மூன்றாவதும் படித்தேன். மூன்றும் ஒன்றே. அவருடைய லேப்டாப்பை மூடி, அது மறுபடி ஆன் ஆனதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன். அதிலிருந்து எடுத்த பகுதிகளோடு புது ஃபர்ம்வேரைத் தயாரித்து அக்காவுடையதில் எழுதினோம். ஸ்கிரீனில் வெளிச்சம் வந்ததும் அக்கா கத்தியே விட்டாள். வைஃபை கார்டும் மறுபேச்சில்லாமல் வேலை செய்தது.

கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே எச்சரித்தார். "நெட்டுல என் மிஷினுக்கு அடையாளமா இருக்கற நம்பரும் இதுக்குள்ள வந்திருக்கும். ரெண்டு லேப்டாப்பையும் ஒரே எடத்துல நெட் கேபிள் போட்டு மாட்டிடாதீங்க, நான்தான் நான்தான்னு பேஜார் பண்ணும்."

அந்த நம்பரை மாற்றப் பெரிய வேலையில்லை. நாங்கள் மாற்றவே இல்லை. கொஞ்ச காலம் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு அவருடைய போன் நம்பர் மாறிவிட்டது, அந்தக் குழுவும் கலைந்துபோனது. அக்கா இப்போது புது மெஷினில் வரைகிறாள், பழையது என்னிடம் இருக்கிறது. மேஜை நிறைய ஸ்க்ரூக்களோடு மூன்று பேர் குனிந்து கிடந்த அந்தக் காலை மறுபடி வராதா என்று சில நாள் ஏங்குவேன். ஆபீஸில் யாராவது எதையாவது கெடுத்துவிட்டு என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், அடுத்த வேலையையும் நம்பி அவர்களிடமே கொடுக்கும் தைரியம் எனக்கு இன்றும் அவரிடமிருந்துதான் வருகிறது.