ஐப்பசியில் காயாத கருவாடு

நேற்று மாலை கம்பத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஓலைப்பெட்டி வந்து சேர்ந்தது. பனை ஓலையில் முடைந்து மூடி போட்ட பெட்டி. கிழிந்த ஒரு மூலையைச் சிவப்பு நூலால் தைத்திருப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் மதினி தூத்துக்குடியிலிருந்து அதில் கருவாடு அனுப்புவார். நாங்கள் அதே பெட்டியில் ஏலக்காய் நிரப்பித் திருப்பி அனுப்புவோம். அண்ணன் காலமாகி, மதினி தன் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். பெட்டி கம்பம் தாண்டும்போதே யார் வீட்டுக்குப் போகிறதென்று பஸ்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்பாள் என் மனைவி.

மதினி இந்த மலைக்கு வந்ததும் ஓர் ஐப்பசியில்தான். ஆவணியில் கல்யாணம். புரட்டாசி கழிந்ததும் அண்ணன் அவரை மாட்டு வண்டியில் குமுளிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். மடியில் இந்தப் பெட்டி இருந்தது. அண்ணன் அப்போது ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் மேஸ்திரி. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்பு அனலில் உலர்த்தும் கூடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். நான் அதே தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டு அவரோடு இருந்தேன்.

எங்கள் ஐப்பசி எப்படிப்பட்டதென்று வந்தவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. விடிந்து வெகுநேரம் வரை மூடுபனி விலகாது. உச்சிப்பொழுதில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அதை நம்பித் துணியை வெளியே போட்டால் கிழக்கே கருத்து இடி உருளும். பிறகு இருட்டும் வரை மழை. தீக்குச்சி உரசினால் பற்றாது. பாயைத் தொட்டால் ஈரம். சாடியில் இருந்த உப்பு தானாகவே தண்ணீராகி நின்றதைப் பார்த்த அன்று மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்க கொழுந்தனாரே. உப்புகூட நிக்காத ஊருக்கு என்னையக் கட்டிக் குடுத்திருக்காவ பாத்தியளா?”

அவர் உப்பளத்துக்காரர் மகள். தூத்துக்குடியிலும் ஐப்பசியில் மழைதான். உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிவிடுவார்களாம். “ஆனா எங்க ஊரு மழைக்கு ரோசம் உண்டு. வந்தா வந்துட்டுப் போயிரும். மறுநாளு சுள்ளுன்னு வெயிலடிக்கும். இது என்ன, வந்த விருந்தாளி போகவே மாட்டேங்கு!” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் நின்று கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன். தீபாவளிக்குத் தாய்வீடு போகிறவர் திரும்பி வருவாரா என்ற பயம் அண்ணனுக்கும் இருந்தது. வெளியே சொல்ல மாட்டார்.

மதினியின் அம்மா கட்டிக் கொடுத்த கருவாடும் ஈரத்தில் பிசுபிசுக்கத் தொடங்கியது. மதினி தினமும் முறத்தில் எடுத்து வாசலுக்குக் கொண்டு வருவார், வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டு போவார். ஒரு நாள், ஆட்கள் மதியக் கஞ்சிக்குப் போன நேரத்தில், ஊரிலேயே காய்ந்த இடம் ஒன்றுதான் என்று கண்டுகொண்டு ஸ்டோருக்குள் போய், மேல் தட்டின் ஓரத்தில் கருவாட்டைப் பரப்பிவிட்டு வந்துவிட்டார்.

ஏலக்காய் பக்கத்தில் இருப்பதன் வாடையை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். முந்தைய மேஸ்திரி காயில் புகைவாடை ஏறவிட்டதற்காகவே அன்றைக்கே மலையிறக்கப்பட்டவர்.

சாயங்காலம் அண்ணன் கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டார். காய் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, “ஏலக்காயி முட்டம் கடக்கரைக்குப் போயிட்டு வந்துருக்குடி!” என்றாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தட்டுகளில் இருந்தது அந்தப் பருவத்தின் நல்ல காய். மறுநாள் முதலாளி கம்பத்திலிருந்து வருவதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, “ஏட்டி, என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மதினியோடு பேசவில்லை. வேறு காயோடு கலந்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு, எல்லாமே நாறும் என்று தலையாட்டினார். மதினி பெட்டியில் சேலைகளை அடுக்கினார்.

மறுநாள் முதலாளி வந்தபோது அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மதினி மழையில் நனைந்துகொண்டே ஸ்டோர் வாசலுக்கு வந்துவிட்டார். “ஐயா, செஞ்சது நாந்தான். இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஊருக்குப் போயிருதேன், இவுகள வேலையில வச்சிக்கிடுங்க” என்றார்.

முதலாளி ஒரு காயை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்தார். “என்ன கருவாடும்மா?”

“சீலாங்க.”

“நல்ல சீலாவாத்தான் இருந்துருக்கு” என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். “ஏப்பா, தீவாளிக்கு ஆளுகளுக்கு ஏலக்காய் குடுப்பம்ல? இந்த வருசம் இதையே குடு. நீயே படியில அளந்து போடு. வாங்குறவுக என்ன சொன்னாலும் நின்னு கேட்டுக்க. இந்தப் புள்ள எங்கயும் போக வேணாம்.”

அந்தத் தீபாவளிக்குத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எல்லா லயத்திலும் பாயசம் மீன் வாடை அடித்தது. பெண்கள் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து மதினியிடம் நீட்டினார்கள். “கருவாட்டு மதினி, உப்பு சரியா இருக்கா பாருங்க!” என்றாள் ஒருத்தி. மதினி ஒவ்வொன்றையும் வாங்கிக் குடித்து, “கொஞ்சம் புளி கரைச்சு ஊத்துனா நல்லாருக்கும்” என்றார். அண்ணன் அடக்க முடியாமல் சிரித்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் மதினியிடம் பேசிய முதல் பேச்சு, “எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து” என்பதுதான். மதினி அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. அடுக்கிய சேலைகள் மறுபடி கொடிக்கு ஏறின, காய்ந்தபாடுதான் இல்லை.

நேற்றுத் தூத்துக்குடியிலிருந்து பெட்டியோடு வந்த பையனிடம் மதினி இரண்டு சேதி சொல்லியனுப்பியிருந்தார். ஒன்று, ஸ்டோர் பக்கம் கொண்டுபோய்விட வேண்டாம் என்பது. அதை ஆண்டுதோறும் சொல்வார். மற்றது புதிது. “அங்க மழை பெய்யுதான்னு கேட்டுட்டு வா. இங்க வெயிலு கொளுத்துது, துணி போட்ட கையோட காஞ்சிருது, நல்லாவே இல்ல” என்றாராம்.

பெய்கிறது. இதை எழுதும்போதும் கிழக்கே உருளுகிறது. கருவாட்டை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட்டு, பெட்டியில் ஏலக்காய் நிரப்பினேன். வேறு பெட்டி எடுக்கலாமே என்றாள் என் மனைவி. நல்ல காய்தான், மலையிறங்குவதற்குள் சீலா வாடை ஏறிவிடும். ஏறட்டும் என்று மூடியைக் கட்டினேன். மதினிக்கு எங்கள் ஊர் ஏலக்காய் அப்படித்தான் மணக்க வேண்டும்.