காலியாகாத தண்ணீர் கேன்கள்

ஜீவனஹள்ளி சமுதாயக் கூடத்தில் ஆறு கழிப்பறைகள். மூன்று நாள், மூன்று முறை நானே எண்ணினேன். ஆறுதான் இருந்தன. எண்ணத் தெரியாமலா உதவிப் பொறியாளர் வேலைக்கு வந்தேன்!

அந்த மழையில் ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், நிரம்பி வழிந்து தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். குடும்பங்களைக் கூடத்தில் தங்கவைத்தோம். பாய், தடுப்புத் துணி, சாப்பாடு, குடிநீர், நடமாடும் கழிப்பறை எல்லாம் ஒப்பந்ததாரர் மஞ்சுநாத் பொறுப்பு. அவர் செய்ததைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எதைக் கேட்டாலும் "ஆயித்து மேடம், ஆயித்து" என்பார். ஆகிவிட்டதாம். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தினமும் காலை பத்து மணிக்குப் போவேன். செக்லிஸ்ட்டில் டிக், நாலு போட்டோ, கிளம்பிவிடுவேன். தண்ணீர் கேன்கள் எப்போது பார்த்தாலும் நிறைந்திருக்கும். "குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை" என்று அழகாக எழுதிவைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பெரிய அதிகாரிகள் வருவதாக இருந்தது. அதற்குள் "திருப்திகரம்" என்று கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் அனுப்பும்படி எங்கள் செயற்பொறியாளர் போனில் சொன்னார். பேனாவைத் திறந்தேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. நிறுத்துவதாக இல்லை. எட்டிப் பார்த்தேன். தாயின் பெயர் ஸ்டெல்லா, குழந்தைக்கு இரண்டு மாதம். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பசிக்குது போல, பால் குடும்மா," என்றேன் எரிச்சலாக.

"பால் வரலை மேடம். நேத்துலேர்ந்து ரொம்பக் கம்மி."

"தண்ணி குடிக்கிறியா இல்லையா? கேன் நிறைய இருக்கே!"

"குடிச்சா போகணுமே."

"போயேன். ஆறு டாய்லெட் இருக்கு."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு கழிப்பறைக் கதவைக் காட்டினாள். வெளியே பளபளவென்று தாழ்ப்பாள். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. ஆறிலும் அப்படியே.

"ஆம்பளைங்களும் இதே வரிசைதான் மேடம். எனக்கு ஒருத்தி கதவைப் பிடிக்கணும், ஒருத்தி புள்ளையைப் பிடிக்கணும். எத்தனை தடவை கூப்பிடறது? எங்க வீட்டுக்காரரு பொம்மசந்திரா கம்பெனிலேர்ந்து வர ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் அடக்கிக்குவேன்."

தலையில் நறுக்கென்று குட்டியதுபோல் இருந்தது. கேன்கள் நிறைந்திருந்தது மஞ்சுநாத்தின் சாமர்த்தியத்தால் அல்ல, பெண்கள் குடிக்காததால்.

மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன்.

"நாய் உள்ள பூந்துடும்னு வெளிய போட்டோம் மேடம். உள்ள நாளைக்குப் போட்டுடலாம். இப்ப ஒரு சைன்..."

"நீங்க உள்ள போங்க. கதவைச் சாத்திட்டு உக்காருங்க."

போனார். கதவு தானாகத் திறந்துகொண்டது. கையால் இழுத்துப் பார்த்தார். உட்கார்ந்தால் கை எட்டவில்லை, எட்டினால் உட்கார முடியவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனிதர் வெளியே வந்து யாருக்கோ போன் போட்டார்.

அடுத்த நிமிடமே செயற்பொறியாளரிடமிருந்து எனக்கு மறுபடி போன். "ஏனம்மா, ஒரு தாழ்ப்பாளுக்கா ரிப்போர்ட்டை நிறுத்தறது?"

"ஆறு தாழ்ப்பாள் சார். போடட்டும், அப்புறம் சைன் போடறேன்."

அவர் கத்தினார். நானும் கத்தினேன். ஒரு மணி நேரத்தில் ஆறும் மாட்டியாயிற்று.

ஸ்டெல்லா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் போய் வந்தாள். இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றி சொல்வாள் என்று வெட்கமில்லாமல் நின்றேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள்.

"மூணு நாளா வந்தீங்களே மேடம். ஒரு தடவைகூட உங்களுக்கு வரலையா?"

வராமல் என்ன? முகாம் கழிப்பறைக்கு யார் போவது என்று, தினமும் ஆபீஸிலேயே போய்விட்டுத்தான் கிளம்புவேன்.

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முகாம் பார்க்கப் போகும் நாளில் ஆபீஸில் போகாமல் கிளம்புங்கள்.