நீரோரத்துக் கீரை

டோக்மான் சியோலில் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் மனைவி மால்சுன்னோடு எங்கள் மலையூருக்கு, எங்கள் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார். விறகடுப்பு கட்டியதும் தேன்பெட்டி வைத்ததும் வீடியோ பார்த்துத்தான். அடுப்பு அறையெல்லாம் புகைந்தது. தேனீக்கள் போய்விட்டன. அவர் அதே வீடியோவை மறுபடி போடுவார். "இதான், இதான், எனக்குத் தெரிஞ்சதுதான்" என்று தலையாட்டுவார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேலிக்கு அப்பால் ஒரே குரல் கேட்டது. கொம்ச்வி என்ற வாசனையுள்ள மலைக்கீரையைப் பறிப்பது எப்படி என்று வீடியோவில் ஒருவர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பனி உருகி மலை பச்சையானதும் டோக்மான் ஒரு மூட்டை கீரையோடு இறங்கி வந்தார். முற்றத்தில் பன்றிக்கறி சுட்டு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கழுவிய இலைகள் கூடையில் குவிந்திருந்தன. எண்ணெய் தடவியது போல மின்னின. கொம்ச்விக்கு இந்த மினுக்கு கிடையாது. வாசலில் கிடந்த அவருடைய காலணியில் கணுக்கால் உயரத்துக்குக் கருஞ்சேறு.

மால்சுன் கறியை இலையில் சுருட்டி வாயில் போட்டாள்.

"வாசனையே இல்லையேங்க!"

"உனக்குச் சளி. மூக்கச் சிந்திட்டுத் தின்னு."

"ஆமா, வீடியோவுல டாக்டருக்கும் படிச்சிட்டாரு!" என்று சொல்லி அடுத்ததையும் சுருட்டினாள்.

என் இலை கையிலேயே இருந்தது. எனக்கு மெதுவாகத்தான் பேச வரும்.

"அண்ணே, இத எங்க பறிச்சீங்க?"

"ஓடைக்கரையிலம்மா. அங்க கொள்ளை கொள்ளையா..."

அதுவரை வீடியோவில் பார்த்ததைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டதும் அந்தச் சிரிக்கும் குரல் அவருக்குள்ளிருந்து எழுந்து வருவது முகத்தில் தெரிந்தது.

"தண்ணி ஓரத்துல இருந்தா தொடாதீங்கன்னான்" என்றார் மெதுவாக. "அது விஷம்னான்."

மால்சுன் சிரிக்கப் பார்த்தாள். "ஏங்க, நாக்கு மரத்துப்போச்சு" என்றவள் தட்டின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் மலை வளைவுகளில் ஏறி வரும்வரை அவள் தலையை அவர் மடியில் பிடித்திருந்தார். அவள் பிழைத்தாள். ஆனால் இன்னமும் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறாள்.

இப்போது வீடியோ முடிந்ததும் போனைப் பிடுங்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவரைக் கேட்கிறாள். வேலிக்கு இப்பால் மிளகாய் உலர்த்தும்போது எனக்குக் கேட்கும். இலையுதிர்காலம் வந்துவிட்டது. இந்த வாரம் காளான்.

"நல்லதுக்கும் கெட்டதுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க."

"அவன் சிவப்புத் தொப்பி போட்டிருந்தான்" என்றார் டோக்மான். "கூட ஒரு நாய் இருந்துச்சு."

கொல்லைப்புறத்தில் அவருடைய காளான் கூடை இந்த வருஷம் கழுவிக் கவிழ்த்தபடியே கிடக்கிறது.