பிசிறு டெய்லரும் மெழுகுப்பூக் கொடியும்

எங்கள் சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் நாலு. மூத்தவன் கப்பல் வேலைக்குப் போனான். அடுத்தவள் இரட்டைப் பிள்ளை பெற்று, அதுகள் பின்னால் ஓடியே இளைத்தாள். கடைக்குட்டி எந்த வேலையிலும் ஆறு மாதம் தாங்கமாட்டான். நான் சொல்ல வந்தது மூன்றாவதைப் பற்றி. அவன் தையல்காரன், எனக்குத் தம்பி முறை. தெருவில் அவனுக்குப் பிசிறு டெய்லர் என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தது எங்கள் பெரிய மாமா. தம்பிக்கு அப்போது ஏழு வயது. மாமாவின் புதுச் சட்டையில் தோளோரம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதென்று பிடித்து இழுத்தான். சட்டைக் கை முழுசாகக் கழன்று மாமா மடியில் விழுந்தது. "பிசிறைக் கண்டா இவனுக்குக் கண்ணுமண்ணு தெரியாதுடா" என்றார் மாமா. பெயர் ஒட்டிக்கொண்டது. குணமும் போகவில்லை. தையல் தொழிலுக்கு அது நல்ல குணம்தான். அவன் தைத்த உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு நூல் தொங்காது. கழுத்தில் ஒரு நாடா, நாடாவில் குட்டிக் கத்தரி. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, தும்மிக்கொண்டேகூட அது 'டிக் டிக்' என்று வெட்டும்.

அவன் பெண்டாட்டிக்குத் தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. காலையில் இருட்டோடு போய்ச் சாயங்காலம் திரும்புவாள். அவள் அம்மா வீட்டில் ஒரு மெழுகுப்பூக் கொடி இருந்தது. தடித்த பச்சை இலை, மெழுகில் வார்த்தது போலக் கொத்துக் கொத்தாய்ப் பூ, ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பு நட்சத்திரம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் மணக்கும். அந்தக் கொடிக்குக் கீழேதான் அவள் அம்மா வேலையெல்லாம் முடித்துக் காலை நீட்டி உட்காருவாளாம். அம்மா காலமாகி, வீடு கைமாறி, கொடியும் போனது. மிஞ்சியது இவள் ஒடித்து வந்த ஒரு துண்டு மட்டும். அதைத் தம்பியின் தையல் மெஷினுக்கு மேலே, ஜன்னல் ஓரமாகத் தொட்டியில் வைத்தாள். நன்றாகப் படர்ந்தது. ஏழு வருடமாக ஒரு பூ இல்லை.

அவளுக்கு ஒரு அக்கா, வேறு ஊரில். வாயும் பெரிசு, மனசும் பெரிசு. ஃபோனில் சொல்லிவிட்டாள்: "அடியே, அடுத்த மாசம் வரேன். அப்பவும் பூக்கலைன்னா அம்மா கொடியை நான் கொண்டுபோயிடுவேன். என் வீட்டுல கண்ணாடி வராந்தா இருக்கு, வெளிச்சம் இருக்கு. உங்க வீட்டுல என்ன இருக்கு? மெஷின் சத்தம்தான் இருக்கு."

ஃபோனை வைத்துவிட்டுத் தங்கைக்காரி கொடிப் பக்கம் போனாள். இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்தாள். அதைப் பார்த்ததும் தம்பிக்குத் தாங்கவில்லை. எதிர்வீடுதானே, என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, அது போச்சுன்னா இவ உடைஞ்சு போயிடுவா. பூக்க வைக்கணும்."

"என்கிட்ட சொன்னா? நான் என்ன வண்டா?"

அதற்கப்புறம் அவன் படாத பாடு இல்லை. நாற்றுப் பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டான். வெளிச்சம் வேண்டும் என்றார், ஜன்னல் திரையைக் கழற்றினான். மண் காய்ந்தபிறகு தண்ணீர் ஊற்று என்றார், அளவுகோலை மண்ணில் குத்தி ஈரம் பார்த்தான். தொட்டிக்குள் வேர் நெருக்கியடித்தால்தான் பூக்கும் என்றார், பெரிய தொட்டி வாங்கும் ஆசையை விட்டான். மெஷின் ஆட்டத்தில் கொடிக்குக் கிறுகிறுக்கும் என்று யாரோ விளையாட்டுக்குச் சொன்னதை நம்பி, மெஷின் காலுக்கடியில் கம்பளித் துண்டு வைத்தான்.

மாதம் முடிந்தது. ஒரு மொட்டு இல்லை. அக்காக்காரி வந்துவிட்டாள், கையில் பெரிய கூடையும் பழைய பேப்பரும். நானும் போய் உட்கார்ந்தேன்.

"இலையெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. வயசும் ஆச்சு. ஏன்டி பூக்கலை?" என்று கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தங்கைக்காரி பேப்பரை விரித்தாள், கொடியைச் சுற்றத்தான். தம்பி தலை நிமிரவில்லை. ஒரு கறுப்புக் கோட்டை முடித்துக்கொண்டிருந்தான். காலரில் ஒரு நூல், டிக். கையில் ஒரு நூல், டிக். அப்படியே கை மேலே போனது. கொடியில், இலை இல்லாமல் விரல் நீளத்துக்கு ஒரு மொட்டைக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. டிக்.

கோட்டின் மேல் வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் விழுந்தது.

"மாப்பிள்ளே! கையை எடுங்க!" அக்காக்காரி போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "என்ன பண்ணினீங்க இப்ப?"

"ஒண்ணும் இல்லையே அண்ணி. பிசிறு..."

"பிசிறா? அதுதான் பூக்காம்பு! அதுலதான் கொத்து வரும். உதிர்ந்தப்புறமும் அதே காம்புலதான் மறுபடி வரும். அம்மா அதைத் தொடவே விடமாட்டாங்க."

தங்கை குனிந்து மெஷினுக்கடியில் இருந்த குப்பை டப்பாவைப் பேப்பரில் கவிழ்த்தாள். நூலும் துணித் துண்டும், நடுவே காய்ந்துபோன காம்புகள் நாலு. அது அந்த வாரக் குப்பை மட்டும்.

"நானா?" என்றான் தம்பி. சத்தியமாக அவனுக்கே தெரியாது. கை அது பாட்டுக்கு வெட்டியிருக்கிறது. "அண்ணி, எடுத்துட்டுப் போங்க. என் கையில இருந்தா இது பூக்காது."

தங்கை காம்புகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். பிறகு எழுந்து தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கொடிக்கு ஒரு குறையும் இல்லைக்கா. குறை இவர் கையிலதான். வேணும்னா கையைக் கூட்டிட்டுப் போ."

அக்காக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கையை வச்சு நான் என்ன பண்ண? கத்தரியைக் கழட்டுங்க மாப்பிள்ளே" என்றாள். கூடையில் குட்டிக் கத்தரி மட்டும் ஊருக்குப் போனது.

தம்பி வேறு கத்தரி வாங்கினான். ஆனால் எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். ஒவ்வொரு நூலுக்கும் எழுந்து போய்வர வேண்டும். அதற்குள் எதை வெட்டப் போகிறோம் என்று புத்தி விழித்துக்கொள்ளுமாம். நீட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு மொட்டைக் காம்பிலும் நீல நூலில் ஒரு முடிச்சுப் போட்டான்.

மறுவருடம் ஒரு முடிச்சுக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் மாதிரிச் சின்னச் சின்னதாய் மொட்டு விட்டது. பூத்த அன்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் படியேறும்போதே மணம் வந்திருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து, அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அவன் மெஷினை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஃபோன் போட்டான்.

"அண்ணி, இருபத்திரண்டு பூ. எண்ணிட்டேன்."

"உதிர்ந்ததும் காம்பை..."

"தொடமாட்டேன் அண்ணி."

பழைய கத்தரி இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது கொத்து வரட்டும் என்கிறாளாம் அக்காக்காரி.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன பிசிறு, கண்ணு போச்சா? கையில பாரு, நூல் தொங்குது!" தம்பி பதறி எழுந்து சுவர்ப் பக்கம் ஓடினான். அன்றைக்கு விடுமுறை, அவன் பெண்டாட்டி வீட்டில்தான் இருந்தாள்.

"அவசரப்படாதீங்க. அதுல என்ன பூக்குதுன்னு பார்க்கலாம்" என்றாள்.